பீச் காப்ளரில் எது அசல்?

அமெரிக்காவுக்குக் குடிவந்த பிறகு முதல் முறையாக, பீச் பழத்தின் மேல் மாவு வைத்து வேகவைக்கும் இனிப்பான பீச் காப்ளர் செய்திருக்கிறீர்கள். தகர டப்பாவில் வாங்கிய பீச் துண்டுகளைச் சாறோடு தட்டில் கொட்டி, மேலே மாவு உருண்டைகளை வைத்து ஓவனில் வேகவைத்தீர்கள். மேற்புறம் நல்ல பொன்னிறம். கரண்டி உள்ளே இறங்கியதும் உருண்டைகளின் அடியில் பச்சை மாவு. போதாக்குறைக்கு, விருந்துக்கு வந்திருந்த அலபாமாத் தோழி ஒருவர், "எங்கள் வீட்டில் உருண்டை வைக்க மாட்டோம். மாவைத் தேய்த்துப் பட்டை பட்டையாக வெட்டிப் போடுவோம். அதுதான் அசல் காப்ளர்" என்று சொல்லிவிட்டார். எது அசல், எங்கே பிசகியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோழி செய்வதும் காப்ளர், நீங்கள் செய்ததும் காப்ளர். வயதில் மூத்தது அவருடையது. உங்கள் மாவு வேகாமல் போனதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஆறிக் கிடந்த பழத்தின் மேல் மாவை வைத்ததுதான் பிசகு. இதோடு நிறுத்திக்கொண்டாலும் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் ஜார்ஜியாவில் 22 கோடைகளை இந்தப் பண்டத்தோடு கழித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோக மனம் வரவில்லை.

இங்கே 'பை' என்கிறார்களே, மாவைத் தகடாகத் தேய்த்து வட்டத் தட்டில் பரப்பி, பழத்தை நிரப்பி, இன்னொரு தகட்டால் மூடி வேகவைப்பது, அது இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வழக்கம். ஒழுங்காகச் செய்ய நல்ல அடுப்பு வேண்டும், தட்டு வேண்டும், மாவைத் தேய்க்க மேசை வேண்டும், அதற்கெல்லாம் பொழுதும் வேண்டும். காட்டை அழித்து மரவீடு கட்டிக்கொண்டவர்களிடம் இருந்தது கணப்பு நெருப்பும் ஒரு இரும்புச் சட்டியும்தான். பையின் நினைவை அந்தச் சட்டிக்குள் இறக்கியபோது பிறந்தது காப்ளர்.

அச்சில் வந்த பழைய செய்முறைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. லெட்டிஸ் பிரையன் என்ற பெண்மணி 1839இல் வெளியிட்ட, கென்டக்கி இல்லத்தரசிகளுக்கான சமையல் நூலில் அது இருக்கிறது. 'பீச் சட்டிப் பை' என்று தலைப்பிட்டு, இதைப் பலர் காப்ளர் என்றும் சொல்வதுண்டு என்கிறார். சட்டியின் உட்புறம் முழுவதும் மாவுத் தகடு பரப்ப வேண்டும். கொட்டையோடு சதை ஒட்டியிருக்கும் வகைப் பீச்சை நன்றாகக் கனியவிட்டு, தோல் சீவி, கொட்டையிலிருந்து அரிந்து எடுத்துப் போட வேண்டும். ஒரு பெரிய கைப்பிடி பழுப்புச் சர்க்கரை, பழம் தீயாமல் வேகத் தண்ணீர், மேலே இன்னொரு மாவுத் தகடு. மிதமான சூட்டில், அவ்வப்போது மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வேகவைப்பது. வெந்ததும் மேல்தகட்டைப் பெரிய தட்டில் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் பழத்தைப் பரப்பி, கட்டிச் சர்க்கரையைத் துருவித் தூவ வேண்டும். கடைசியில் அவர் சொல்வதுதான் எனக்கு நெருக்கமானது: விருந்தாளிக்கு வைக்கும் நாகரிகப் பண்டம் அல்ல இது, ஆனால் வீட்டாருக்குக் குளிர்ந்த பாலோடு மிகவும் நன்றாக இருக்கும்.

அதில் உருண்டை எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 20 ஆண்டுகள் கழித்து, 1859இல் வந்த ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட்டின் அமெரிக்க வழக்குச் சொல்லகராதியும் இதையே சொல்கிறது: தடித்த மாவு பரப்பிய சட்டியில் பழத்தை இட்டு வேகவைக்கும் ஒருவகைப் பை, இடும் பழத்தைப் பொறுத்து ஆப்பிள் காப்ளர் அல்லது பீச் காப்ளர், மேற்குப் பகுதியில் வழங்கும் சொல். அந்தக் காலத்து மேற்கு என்பதில் கென்டக்கியும் சேர்த்தி.

ஆகவே, மேலே வைத்த மாவு உருண்டைகள் பழைய தெருக்களில் பதித்த, ஆங்கிலத்தில் 'காப்ள்' எனப்படும் உருண்டைக் கற்களைப் போலத் தெரிவதால் காப்ளர் என்று பெயர் வந்தது என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும் கதையை நான் நம்புவதில்லை. அழகான கதைதான். ஆனால் முதலில் கிடைக்கும் செய்முறைகளில் கற்களுக்கு இடமே இல்லை. மேற்பரப்பு வழவழப்பான மாவுத் தகடு. பழைய ஆங்கிலத்தில் மரக் கிண்ணத்தைக் குறித்த 'காபலர்' என்ற சொல்லோடு சிலர் இணைக்கிறார்கள். கிடைத்ததை வைத்து ஒட்டுப்போடுவதைக் குறிக்கும் 'காப்ள்' என்ற ஆங்கில வினைச்சொல்லோடு சிலர் இணைக்கிறார்கள். செருப்பு தைப்பவருக்கும் ஆங்கிலத்தில் காப்ளர் என்றுதான் பெயர். கற்களின் கதையைவிட இந்த ஒட்டுப்போடும் வேர் பண்டத்தின் குணத்துக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். முடிந்த முடிவாக எந்த அகராதியும் எதையும் சொல்வதில்லை.

சட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டச்சு ஓவன் என்று பெயர். கனமான வார்ப்பிரும்பு, அடியில் மூன்று குட்டைக் கால்கள், விளிம்பு தூக்கிய தட்டையான மூடி. கால்களுக்கு அடியில் தணலைப் பரப்பலாம். மூடியின் மேலும் தணலை அள்ளி வைக்கலாம், விளிம்பு இருப்பதால் சரியாது. மண்ணுக்குப் பதில் மணல் அச்சில் இரும்புச் சட்டிகளை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி 1707இல் காப்புரிமை பெற்றார்; மெல்லிய, வழவழப்பான சட்டிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மேலும் கீழும் நெருப்பு வைப்பதை நம் ஊர்க் கிறிஸ்துமஸ் கேக் செய்த பாட்டிகளும் அறிவார்கள்: மணல் பரப்பிய அடுப்பு, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல். கணக்கும் ஏறக்குறைய அதேதான். 12 அங்குலச் சட்டிக்கு 24 கரித்துண்டுகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு அடியில், இரண்டு பங்கு மூடிமேல். மேலே சூடு அதிகம் இருந்தால்தான் மாவு சிவக்கும், அடியில் பழம் தீயாது. மேற்கு நோக்கி மாட்டுவண்டிகளில் போன குடும்பங்களுக்கும், கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போன ஆட்களுக்குச் சமைத்துப் போட்ட சமையல் வண்டிக்காரர்களுக்கும் இந்தச் சட்டி ஒன்றே சோறாக்கும் பாத்திரம், ரொட்டி சுடும் அடுப்பு, இனிப்பு செய்யும் ஓவன். பச்சைப் பழம் கிடைக்காத இடத்தில் உலர்ந்த ஆப்பிளையும் உலர்ந்த பீச்சையும் ஊறவைத்து அதே காப்ளரைச் செய்தார்கள்.

அப்படியானால் உருண்டைகள் எங்கிருந்து வந்தன? சோடாவிலிருந்து. இங்கே பிஸ்கட் என்றால் டீயில் தொட்டுத் தின்னும் மொறுமொறு பிஸ்கட் அல்ல; வெண்ணெயும் மோரும் சேர்த்துச் செய்யும், பஞ்சு போல உப்பிய சிறு ரொட்டி. சமையல் சோடா மலிவாவதற்கு முன்னால் தென் மாநிலங்களில் பிஸ்கட் மாவைக் கட்டையால் அரை மணி நேரமும் அதற்கு மேலும் அடித்துத்தான் சற்றே உப்ப வைத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்பட்ட பெண்கள். 1840களில் சோடா விற்பனை வணிகமாகப் பெருகியது. 1856இல் ஹார்வர்டு பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட், எலும்பிலிருந்து எடுத்த பாஸ்பேட் அமிலத்தை வைத்துப் பேக்கிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு பத்து நிமிடத்தில் மாவு பிசைந்து, தேய்க்காமல் கரண்டியால் அள்ளிப் பழத்தின் மேல் வைத்துவிடலாம் என்றானது. தேய்க்கும் வேலை போயிற்று, காப்ளரின் தோற்றமும் மாறியது. நீங்கள் செய்தது இந்தப் பிற்காலத்து வகை. அதற்கும் நூறாண்டுக்கு மேல் வரலாறு உண்டு என்பதால் தாழ்வு ஒன்றும் இல்லை.

இனி பழம். பீச் என்றாலே ஜார்ஜியா என்று கார் எண் பலகையில்கூடப் படம் போட்டிருக்கிறது. ஆனால் அது சீனத்தில் பயிராகி, பாரசீகம் வழியாக மேற்கே போய், அந்தப் பாரசீகத்தின் பெயரையே தாவரவியலில் சுமந்துகொண்டிருக்கும் பழம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் புளோரிடாக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து உள்நாட்டுக்குப் பரப்பியவர்கள் பூர்வகுடிகள். ஆங்கிலேயர் பல இடங்களுக்கு வந்து சேர்வதற்கு முன்பே பீச் அங்கே போய்விட்டது. 1683இல் பென்சில்வேனியாவைப் பற்றி எழுதிய வில்லியம் பென், பீச் இல்லாத பூர்வகுடித் தோட்டமே இல்லை என்று வியந்தார். அட்லாண்டா நகரில் எங்கு திரும்பினாலும் பீச்ட்ரீ என்ற பெயரில் ஒரு தெரு இருக்கிறது. சட்டஹூச்சி ஆற்றங்கரையில் 'நிற்கும் பீச் மரம்' என்ற பெயரில் இருந்த மஸ்கோகி பூர்வகுடிகளின் ஊர் ஒன்றின் நினைவு அது. அந்த மக்கள் துரத்தப்பட்டார்கள், தெருப்பெயர் நின்றுவிட்டது. இன்னும் மேற்கே, அரிசோனாவின் கன்யன் டி ஷே பள்ளத்தாக்கில், 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ பூர்வகுடி மக்களின் பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தது. ஒரு மக்களை மண்ணிலிருந்து பிடுங்க வேண்டுமானால் அவர்கள் வைத்த மரத்தை வெட்ட வேண்டும் என்று தெரிந்தே செய்தார்கள். தெற்கின் பழம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஜார்ஜியா பீச் வணிகமானது உள்நாட்டுப் போருக்குப் பிறகு. மார்ஷல்வில் என்ற ஊரில் சாமுவேல் ரம்ஃப் 1870களில் ஒரு புதிய வகையை வளர்த்தெடுத்து, அதற்குத் தன் மனைவியின் பெயரான எல்பர்ட்டாவைச் சூட்டினார். பெரிய பழம், மஞ்சள் சதை, கொட்டையை விட்டுச் சுலபமாகப் பிரியும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயணத்தைத் தாங்கும். பனிக்கட்டி வைத்த பெட்டிகளில் ரயிலேற்றி நியூயார்க் வரை அனுப்பும் வழியையும் அவரே வகுத்தார். அந்தத் தோப்புகளில் குறைந்த கூலிக்குப் பறித்தும் அடுக்கியும் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். விற்பனைக்கு ஆகாத, அடிபட்ட, மிகக் கனிந்த பழங்கள் வீட்டுச் சட்டிகளுக்குப் போயின. காப்ளருக்கு அவைதான் சிறந்தவை. பார்வைக்கு அழகான பழம் சாறு விடாது.

காப்ளரைத் தென் மாநிலங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நிலைநிறுத்தியவர்கள் அந்தக் கறுப்பின மக்களே. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷர், போருக்குப் பிறகு சான்பிரான்சிஸ்கோ சென்று ஊறுகாய் வியாபாரம் செய்து பேர் வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி 1881இல் ஒரு சமையல் நூல் வந்தது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண் ஒருவரின் பெயரில் வந்த முதல் சில சமையல் நூல்களில் அது ஒன்று. பீச் காப்ளர் அதில் இருக்கிறது. கைகள் பழகிய ஒன்றை முதன்முறையாகச் சொற்களில் வைக்க அவர் எவ்வளவு யோசித்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவரும் அப்படித்தான், அளவு சொல்ல மாட்டார். நாங்கள் முதலில் குடியிருந்த தெருவில் அடுத்த வீட்டுக் கறுப்பின மூதாட்டி. தேவாலயத்தில் யாருக்காவது துக்கம் என்றாலும், கோடையில் குடும்பம் முழுவதும் கூடும் நாள் என்றாலும், அலுமினியத் தட்டில் காப்ளர் புறப்படும். அவருடையது உங்கள் தோழியின் வகை. தேய்த்த மாவுப் பட்டைகளில் பாதியைப் பழத்துக்குள்ளேயே புதைப்பார், மீதியை மேலே பின்னல் போலப் போடுவார். உள்ளே போனவை சாற்றில் வெந்து கொழுக்கட்டை மாவு போல மெத்தென்று ஆகிவிடும். மேலே இருப்பவை முறுகும். உள்ளே ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டேன். சாறு சும்மா இருக்கலாமா என்றார். அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

டெக்சஸ் சட்டமன்றம் 2013இல் பீச் காப்ளரைத் தன் மாநிலத்தின் அதிகாரபூர்வ காப்ளராக அறிவித்தது. அதற்குமுன் 2005இலேயே டச்சு ஓவனை மாநிலச் சமையல் பாத்திரமாக அறிவித்திருந்தது. ஜார்ஜியாக்காரர்கள் இதை ரசிப்பதில்லை. பீச் விளைச்சலில் கலிபோர்னியாவும் தென் கரோலினாவும் ஜார்ஜியாவை முந்துகின்றன என்பதையும் அவர்கள் முன்னால் பேச வேண்டாம்.

உங்கள் பச்சை மாவுக்கு வருகிறேன். உருண்டையின் மேற்புறத்துக்கு ஓவனின் வறண்ட சூடு கிடைக்கிறது. அடிப்புறத்துக்குக் கிடைக்கும் சூடு முழுவதும் பழத்திலிருந்துதான் வர வேண்டும். டப்பாவிலிருந்து கொட்டிய குளிர்ந்த பழம் கொதிநிலைக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மேற்புறம் சிவந்துவிடுகிறது. நாம் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். அடி மாவு அதுவரை வெதுவெதுப்பான சாற்றில் ஊறிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆகவே பழத்தை மட்டும் முதலில் ஓவனில் வையுங்கள். ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும் குமிழி விட்டுக் கொதிக்கட்டும். பிறகு மாவை வையுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகுதானே தட்டை இறக்குகிறோம், அதே நியாயம்.

இரண்டாவது, டப்பாப் பழத்தின் பாகு. அது ஏற்கெனவே சர்க்கரைத் தண்ணீர். அப்படியே ஊற்றினால் காப்ளர் பாயசமாகிவிடும். வடித்து, பாகைத் தனியே பாதியாகச் சுண்டவைத்து, அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து சேருங்கள். வேறு சர்க்கரை வேண்டாம். டப்பாப் பழம் தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். டப்பாவில் அடைப்பது பெரும்பாலும் கொட்டை ஒட்டிய வகைதான், லெட்டிஸ் பிரையன் கேட்ட அதே வகை. சதை இறுக்கம், வெந்தாலும் குழையாது. குளிர்காலத்தில் நானும் அதையே எடுக்கிறேன்.

புதுப் பழம் என்றால் நான் செய்வது இப்படி. 1 கிலோ கனிந்த பீச். கொதிநீரில் முக்கால் நிமிடம் போட்டுக் குளிர்ந்த நீரில் எடுத்தால் தோல் கையோடு உரிந்துவரும். சற்றுத் தடிமனாகவே அரியுங்கள். 100 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஸ்டார்ச்), சிட்டிகை உப்பு, துருவிய ஜாதிக்காய் கொஞ்சம். பட்டைத்தூள் பலர் போடுவார்கள். பீச்சின் வாசனை மெலிதானது, பட்டை அதை மூடிவிடும் என்பதால் நான் ஜாதிக்காயோடு நிறுத்திக்கொள்கிறேன். இதைத் தட்டில் பரப்பி 200 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். சோள மாவு கொதித்தால்தான் கெட்டியாகும் என்பதால் நடுவில் குமிழி வருவதைப் பார்த்தே தீர வேண்டும்.

இடைப்பட்ட நேரத்தில் மாவு. மைதா 200 கிராம், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம் எடுத்து, விரல் நுனியால் மாவோடு உதிர்த்து, பட்டாணி அளவு துணுக்குகள் தெரியும்போது நிறுத்துங்கள். அந்தத் துணுக்குகள் ஓவனில் உருகும்போது உள்ளே ஆவி கிளம்பி மாவைத் தூக்கும். முன்பே உருகிவிட்டால் அந்த வேலை நடக்காது. பிறகு 150 மில்லி கெட்டியான, புளித்த மோர். சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். ஒன்றுசேர்ந்தால் போதும், சப்பாத்தி மாவு போலப் பிசைந்துவிடாதீர்கள். தென் மாநிலத்துப் பிஸ்கட் மென்மையாக இருப்பதற்குக் காரணமே அவர்கள் பயன்படுத்தும் மென்கோதுமை மாவுதான். புரதம் குறைவு, இழுவை குறைவு. பிசையப் பிசைய அந்த இழுவையை நாமே உண்டாக்குகிறோம். கொதிக்கும் பழத்தின் மேல் கரண்டியால் அள்ளி வையுங்கள், நடுநடுவே ஆவி போக இடம் விட்டு. மீண்டும் 25 முதல் 30 நிமிடம். ஒரு உருண்டையைப் பிட்டு அடியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

எடுத்தவுடன் பரிமாறக் கூடாது. அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கொதிக்கும்போது தண்ணீராக இருக்கும் சாறு ஆறும்போதுதான் இறுகும். பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இது கடினமான அரை மணி.

மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது. டெக்சஸ் பக்கமும் ஆழ்தெற்கிலும் பல வீடுகளில் காப்ளர் என்றால் இதுதான். ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. தட்டில் 113 கிராம் வெண்ணெயை உருக்கி, அதன்மேல் இந்தக் கரைசலை ஊற்றி, அதன்மேல் பழத்தைச் சாறோடு பரப்பி, எதையும் கலக்காமல் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். மாவு பொங்கிப் பழத்தைச் சூழ்ந்து மேலே வந்துவிடும். வெண்ணெய் ஓரங்களில் ஏறிப் பொரிக்கும். மூன்றில் சுலபமானது இதுதான், பச்சை மாவுப் பயமும் குறைவு. தட்டின் ஓரத்தில் பாகும் வெண்ணெயும் சேர்ந்து பழுப்பாக ஒட்டிக்கொள்ளுமே, பால்கோவாச் சட்டியின் அடிச் சுரண்டல் போல, அதற்கு எங்கள் வீட்டில் இன்னும் போட்டி நடக்கிறது.

காப்ளரின் உறவுக்காரர்களைப் பற்றி நீளமாகப் போக வேண்டாம். மேலே ஓட்ஸும் சர்க்கரையும் உதிர்த்துத் தூவினால் கிரிஸ்ப். இங்கிலாந்தில் மாவும் வெண்ணெயும் மட்டும் உதிர்த்தது கிரம்பிள். ரொட்டித் துகளை அடுக்கினால் பிரவுன் பெட்டி. வேகும்போதே மேல்மாவை உடைத்துச் சாற்றுக்குள் அமிழ்த்தினால் பான்டவ்டி. நியூ இங்கிலாந்தில் ஓவனே இல்லாமல், மூடிய பாத்திரத்தில் கொதிக்கும் பழத்தின் மேல் மாவுருண்டையை ஆவியில் வேகவைப்பதற்கு ஸ்லம்ப் என்று பெயர். எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் கான்கார்டில் இருந்த தன் வீட்டையே 'ஆப்பிள் ஸ்லம்ப்' என்று அழைத்தார். வட கரோலினாவின் 'சர்ரி' மாவட்டத்துப் பக்கம் சாங்க்கர் என்பார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கில்கூடச் செய்து, மேலே பால் சாறு ஊற்றித் தருவார்கள். அந்தப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள்.

சாப்பிடுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முள்கரண்டி உதவாது, குழிக் கிண்ணமும் கரண்டியும் வேண்டும். வெனிலா ஐஸ்கிரீம் வைப்பதானால் காப்ளர் வெதுவெதுப்பாக இருக்கும்போது வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஐஸ்கிரீம் ஒரே நிமிடத்தில் தண்ணீராகி மாவையும் நனைத்துவிடும். ஆறிய பழத்தின் புளிப்பும், உப்பு கலந்த மாவும், உருகத் தொடங்கிய குளிர்ந்த பாலேடும் ஒரே வாயில் சேர வேண்டும். என் சொந்த விருப்பம் வேறு. மறுநாள் காலை, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த காப்ளரின் மேல் குளிர்ந்த பாலை ஊற்றிச் சாப்பிடுவேன். மாவு இரவு முழுவதும் சாற்றைக் குடித்திருக்கும். 1839இல் அந்தக் கென்டக்கி அம்மையார் எழுதிய குளிர்ந்த பால் எவ்வளவு சரியானது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த ஆண்டுப் பழத்துக்கு ஒரு யோசனை. ஜார்ஜியாவில் மே நடுவில் வருபவை கொட்டை ஒட்டிய வகைகள். ஜூன் பாதிக்கு மேல் ஆகஸ்ட் வரை கொட்டை பிரியும் வகைகள் வரும், அரிவதற்குச் சுலபம். பீச் மரத்துக்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைத்தாக வேண்டும், பூத்த பிறகு உறைபனி விழக் கூடாது. 2023இல் இரண்டும் தவறி, ஜார்ஜியாவின் விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அந்தக் கோடையில் அடுத்த வீடுகளிலிருந்து எங்களுக்கு வந்த காப்ளர்கள் எல்லாம் நாவல்நிற பிளாக்பெரியில் செய்தவை. ஆகவே நல்ல பழம் கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். சிவப்பு என்பது வெயில் பட்ட அடையாளம்தான். காம்புக் குழியைச் சுற்றிப் பச்சை மறைந்து மஞ்சள் வந்திருக்கிறதா என்று பாருங்கள், அங்கே மூக்கை வைத்து முகருங்கள். பறித்த பிறகு பீச் மெத்தென்று ஆகுமே தவிர, இனிப்பு கூடாது. வாசனை வந்த பழமாக ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். அரியும்போது அரைக் கிலோ எப்படியும் வாய்க்குப் போய்விடும். தோழியையும் கூப்பிட்டு, அவர் பட்டையை ஒரு தட்டிலும் உங்கள் உருண்டையை இன்னொரு தட்டிலும் செய்து பாருங்கள்.